இஞ்ஞாசியம்மாளின் மூன்றாவது ஞானப்பிள்ளை

புன்னைத்துறைக்கு அந்த விமானம் முதன்முதலாக வந்தது, அடைக்கல மாதா கோயிலுக்குப் புதுக் கொடிமரம் நட்ட வருஷத்துப் பிப்ரவரி ஆறாம் தேதி, மத்தியான மணி அடிக்கச் சற்று முன்னால். அதன் பிறகு வருஷம் தவறாமல் அதே ஆறாம் தேதி தொடங்கிப் பத்தொன்பதாம் தேதி வரைக்கும் பதினாலு நாளில் ஒன்பது தரம் வந்து, கடைசி நாள் ஆனைப்பாறைக்கு அந்தப்புறம் கடலில் விழுந்து, மறுவருஷம் ஆறாம் தேதி எதுவுமே நடக்காதது மாதிரி மறுபடியும் வந்தது. எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று முதல் வருஷம் நாலு பேர் கேட்டார்கள். இரண்டாம் வருஷம் இரண்டு பேர் கேட்டார்கள். மூன்றாம் வருஷம், இந்தத் தடவை ஆறாம் தேதி வெள்ளிக்கிழமையாச்சே, முதல் வெள்ளி ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருக்குமோ என்று மட்டும்தான் கேட்டார்கள்.

ஒன்பது தரமும் அதை ஓட்டுகிறவன் வந்த விதம் ஊருக்கு மனப்பாடம். ஆறாம் தேதி, சைக்கிள் பழகுகிறவன் மாதிரி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு வருவான். ஏழாம் தேதி கொஞ்சம் தேவலை. எட்டும் ஒன்பதும் வரமாட்டான். பத்தாம் தேதி இன்ஜின் இரண்டு தரம் இருமும். பதினொன்றாம் தேதி, லூர்து மாதா திருநாளன்று, கோயில் கோபுரத்துக்கும் ஓர் ஆள் உயரம் கீழே, ஓட்டுக் கூரைகளை உரசுகிற மாதிரி வருவான். பதின்மூன்றாம் தேதி யாருமே இல்லாத கடலைப் பார்த்துப் படபடவென்று சுடுவான். பதினைந்தும் பதினாறும் எங்கோ அவசர ஜோலி இருப்பவன்போல் உயரத்தில் போவான், பதினெட்டாம் தேதி வாலில் ஓட்டைகளோடு திரும்பி வருவான், பத்தொன்பதாம் தேதி வலது சிறகு எரிய வருவான். கருவாட்டுக் களத்துப் பெண்கள் அவன் சத்தம் கேட்டதும் கையைக் கழுவிவிட்டுச் சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள். சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பித்து, கோயில் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற சந்தியாகு உபதேசியார், கோயில் கடிகாரம் தாறுமாறாக ஓடுகிற காரணத்தால் அந்த ஒன்பது நாளும் வானத்தைப் பார்த்தே மணியடித்தார்.

அவன் யார் என்பதிலும் ஊருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இரண்டு சிறகிலும் கறுப்பாக, பெரிதாகச் சிலுவை போட்டிருந்தது. "சிலுவை போட்டிருக்காம்லா, நம்ம ஆளுதான்" என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டார்கள். வாலில் இருந்த இன்னொரு குறிதான் சற்றுக் குழப்பியது. அது சந்தை ரோட்டு அரிசி மில்லின் வாசல் நிலையில் மஞ்சளால் போட்டிருக்கும் குறியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தது மாதிரி இருந்தது. ரெண்டு நாள் படகுக் கொட்டகையில் வைத்துப் பேசினார்கள். தகப்பன் கிறிஸ்தவன், தாய் இந்து, கலப்புக் கல்யாணத்துப் பிள்ளை என்று தீர்ந்தது. அதைக் கேள்விப்பட்ட மில்காரர் தாய்வீட்டுப் பங்குக்கு ஒரு வாழைத்தார் கொடுத்தனுப்பினார், எல்லோரும் பிய்த்துத் தின்றார்கள்.

விவரம் தெரிந்த ஒரே ஆள் பட்டாளத்துக் கஸ்பார். அவர் வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, பாலைவனத்தில் சண்டை போட்டு, பிடிபட்டு, மூன்றரை வருஷம் ஜெர்மன் தேசத்தில் கைதியாகக் கிடந்து திரும்பியவர். கொண்டுவந்தது ஒரு மடக்கு நாற்காலியும் விடியற்காலையில் திடுக்கிட்டு எழுகிற வியாதியும்தான்.

"அந்தச் சிலுவையப் பாத்தாத்தாம்ல நாங்க மண்ணுக்குள்ள தலையப் பொதைப்போம்" என்றார் கஸ்பார். "செர்மன்காரன் அவன். வாலுல கெடக்க குறி அவனுவ கட்சிக் குறி. அந்தக் குறிக்காரனுவ ஊரு ஊராக் கொன்னு போட்டானுவ. என் கூட்டாளி தொம்மை, அடுத்த குழியில கெடந்தவன், இப்படி ஒரு வண்டி வந்து சுட்டதுல வவுறு கிழிஞ்சு செத்தான்."

"அப்ப இவன் பெரிய வீரனா மாமா?" என்று கேட்டான் ஒருவன்.

"வீரன்! புதுசா வந்த பய. பத்தொம்பது வயசு இருந்தா அதிகம். ஆளு இல்லாமப் போயி, கடைசில பள்ளிக்கூடத்துப் பயலுவளப் புடிச்சி ஏத்தி அனுப்பினானுவ. பதினாலு நாளு உத்தியோகம். ஒம்பது தரம் பறந்தான், ஒருத்தனையும் விழுத்தாட்டல, தான் விழுந்தான். அம்புட்டுதான்."

ஒவ்வொரு பத்தொன்பதாம் தேதியும் கஸ்பார் மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய் ஈரமணலில் விரித்து, கடலைப் பார்த்து உட்கார்வார். விமானம் எரிந்துகொண்டு வந்து, ஒரு சாய்வு சாய்ந்து, ஆனைப்பாறைக்கு அப்பால் விழும். தண்ணீர் எழும்பி அடங்கும். "போயிட்டான்" என்பார் கஸ்பார். நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் நன்றாகத் தூங்குகிறார் என்று அவர் பெண்சாதி சொல்வாள்.

கருவாட்டுக் களத்தின் கடைசிப் பாயில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவள் இஞ்ஞாசியம்மாள். யாரும் அவளைத் தள்ளி வைத்துவிடவில்லை, யாரும் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை. அவள் இதுவரை இரண்டு பிள்ளைகளுக்கு ஞானத்தாயாக நின்றிருக்கிறாள், அதாவது ஞானஸ்நானத் தொட்டியண்டை பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, இனி இது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறாள். முதல் பிள்ளை பதினேழு வயதில் சங்கு குளிக்கப் போய் மேலே வரவில்லை. இரண்டாவது பிள்ளை கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் வள்ளத்தோடு காணாமல் போனான். ஒரு தரம் என்றால் விதி, இரண்டு தரம் என்றால் கை என்று ஊர் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து பதினோரு வருஷமாக அவள் கையில் யாரும் ஒரு பிள்ளையைக் கொடுத்ததில்லை, தெருவில் அவள் எதிரே வந்தால் இடுப்புப் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் வருஷம் ஊருக்குத் திடீரென்று ஒரு மனஉறுத்தல் வந்தது. வருஷா வருஷம் வந்து விழுகிறான் என்றால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகிற ஆத்துமாதானே, அவனுக்கு ஒரு பூசை வைத்தால் கரையேறிப் போய்விடுவான் அல்லவா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சந்தியாகு உபதேசியார் அதில் ஒரு சிக்கல் கண்டுபிடித்தார். பேர் சொல்லாமல் பூசை வைத்தால் பக்கத்தில் நிற்கிற ஆத்துமா அதை வாங்கிக்கொண்டு போய்விடும், ஆகவே முதலில் பேர் வேண்டும், பேர் வேண்டுமானால் ஞானஸ்நானம் வேண்டும். மாதம் ஒருமுறை வருகிற சாமியாரிடம் போய் நின்றார்.

"செத்தவனுக்கு ஞானஸ்நானம் கிடையாது உபதேசியாரே."

"செத்தவன்னு எப்படி சாமி சொல்லுறது? வருசத்துக்கு ஒம்பது தரம் வாரானே."

"ஏற்கெனவே வாங்கியிருந்தா ரெண்டாந்தரம் கொடுக்கக்கூடாது."

"வாங்காம இருந்தாக்கன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லிக் குடுக்கலாம்லா சாமி? சாவக்கெடக்க பிள்ளைக்கு மருத்துவச்சி அப்படித்தான குடுக்கா."

சாமியார் புத்திசாலி. பதினொன்றாம் தேதி தமக்கு மேற்றிராணியாரோடு கூட்டம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பேர் சுலபமாகக் கிடைத்தது. கோயில் அடைக்கல மாதா கோயில் என்பதால் ஊரில் பாதிப் பேர் அடைக்கலம்தான், இவனும் ஓர் அடைக்கலமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஞானத்தாய்தான் கிடைக்கவில்லை. வருஷா வருஷம் பத்தொன்பதாம் தேதி சாகிற பிள்ளைக்கு யார் வருஷா வருஷம் துக்கம் காப்பது? கடைசியில் ஒருத்தி சொன்னாள்: "இஞ்ஞாசியக் கேளுங்க. அவ கைபட்டு இவனுக்கு இனிமே என்ன ஆவப்போவுது? விழுந்தவன்தானே."

களத்தின் கடைசிப் பாய் வரைக்கும் அது கேட்டது. இஞ்ஞாசியம்மாள் நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தாள். உபதேசியார் வந்து கேட்டபோது, மாட்டேன் என்று சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தாள்.

"நிக்கேன்" என்றாள்.

பதினொன்றாம் தேதி கோபுரத்தின் மணிக்கூண்டில் உபதேசியார் செம்பில் தண்ணீரோடும், இஞ்ஞாசியம்மாள் மெழுகுதிரியும் வெள்ளைத் துண்டுமாகவும் நின்றார்கள். கீழே ஊர் முழுக்க நின்றது. அவன் வடக்கேயிருந்து வந்தான். அவள் அவனை அவ்வளவு கிட்டத்தில் அதுவரை பார்த்ததில்லை. கண்ணாடி மூடிக்குள்ளே தோல் தொப்பி, அதற்குள்ளே ஒரு சின்ன முகம், மோவாயில் ஒரு பரு. உபதேசியார், "அடைக்கலமே, நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால், பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே" என்று ஒரே மூச்சில் சொல்லிச் செம்பைக் கவிழ்த்தார். தண்ணீர் கண்ணாடி மேல் விழுந்தது. மூடியிருந்த கண்ணாடிக்கு உள்ளே அவன் கையைத் தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"பட்டுட்டுது" என்று உபதேசியார் கீழே பார்த்துச் சத்தம் போட்டார். பூசையைச் சாமியார் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஊர் கலைந்து சாப்பிடப் போயிற்று.

அடுத்த எட்டு நாளும் இஞ்ஞாசியம்மாள் ஞானத்தாய்க்கு உரியதையெல்லாம் செய்தாள். மூன்று ரோஸ் மிட்டாய் வாங்கித் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்தாள், உயிர்த்த ஞாயிறுக்குச் சட்டை தைக்க வேண்டுமே, அளவு என்ன இருக்கும் என்று தையல்காரரிடம் யோசனை கேட்டாள், அவன் வராத நாளில் இன்றைக்கு என்ன சாப்பிட்டிருப்பானோ என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பத்தொன்பதாம் தேதி வந்தது. முந்தின நாலு வருஷமும் ஊரோடு சேர்ந்து, பொழுது சாய்வதைப் பார்க்கிற மாதிரி அவளும் பார்த்ததுதான் அது. இந்தத் தடவை சிறகு எரிவதைக் கண்டதும் எழுந்துவிட்டாள். பரு உள்ள அந்த முகம் உள்ளே உட்கார்ந்திருந்தது, அப்படியே தண்ணீருக்குள் போயிற்று.

"போயிட்டான்" என்றார் கஸ்பார்.

மூன்றாவது பிள்ளையும் கடலுக்குள்தான் போனான். இஞ்ஞாசியம்மாள் அன்று பாயைச் சுருட்டவில்லை, நெத்திலியைக் காக்கை தின்றது. விழுந்தவன்தானே, விழுந்தவன்தானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆறுமாதம் சொல்லியும் அது மனசில் நிற்கவில்லை. இந்த ஒருத்தனையாவது கரையேற்றாவிட்டால் ஊர் சொன்னது சரி, என் கை அப்படிப்பட்ட கைதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் கஸ்பார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, அந்தக் கூட்டுக்குள்ள இருந்து ஆளு வெளிய வர முடியுமா?"

கஸ்பார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "வரலாம். மூடியத் தள்ளி விட்டுட்டு, வார அவுத்து, வண்டியத் தலைகீழாப் பொரட்டுனா தானா விழுந்துருவான். முதுகுல குடை இருக்கு, விரியும்."

"பொறவு ஏன் வராம உக்காந்திருக்கான்?"

"பயந்தான். பதினாலு நாளையில என்னத்தப் படிச்சான்? கிட்ட நின்னு யாராச்சும் வெளிய வாலேன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா வந்திருப்பான்."

"நீங்க போடுங்கண்ணே. உங்களுக்கு அவனுவ பாஷை தெரியும்லா."

கஸ்பார் ஊசியை வைத்தார். "ஒரே ஒரு சொல்லு தெரியும் ஏளா. மூணரை வருசம் விடியக்காலம் அதச் சொல்லித்தான் பூட்ஸு காலால எத்தி, எங்கள வெளிய தள்ளுனானுவ, பனியில. ஊருக்கு வந்த அன்னைக்கே மாதா முன்னால முட்டி போட்டு நேந்துக்கிட்டேன், அந்தச் சொல்லு என் வாயால வராதுன்னு. வராது."

"இவனா அண்ணே உங்கள எத்துனது?"

"இவன் இல்ல."

"தொம்மை அண்ணனச் சுட்டது?"

"இவன் இல்ல. அப்ப இவன் அரைக்கால் சட்டை போட்டிருப்பான்." அவர் குரல் ஏறியது. "அதனால? சுட வந்தவன்தானே? வேற எவனோ ஒருத்தன் கூட்டாளியச் சுடத்தானே ஏத்தி அனுப்பினானுவ? குறி தப்பிட்டுன்னா நல்லவனா?"

இஞ்ஞாசியம்மாள் அவர் வைத்த ஊசியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே" என்றாள். "நான் அவனுக்கு நின்னுட்டேன்."

புன்னைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. போன படகு திரும்பாவிட்டால் பெற்றவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, மகனின் ஞானஸ்நானப் பேரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவாள், பிறகு ஞானத்தாய் மூன்று தரம் கூப்பிடுவாள். அந்த நேரம் ஊரில் ஓர் அடுப்பு எரியக்கூடாது. அதே பேர் உள்ள வேறு யாரும் மறந்தும் ஏன் என்று கேட்டுவிடக்கூடாது. கேட்டால், கடல் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு, கூப்பிடப்பட்டவனை அனுப்பாமல் இருந்துவிடும். இரண்டாவது பிள்ளை காணாமல் போனபோது பெற்றவள் கூப்பிட்டாள். இஞ்ஞாசியம்மாளைக் கூப்பிட விடவில்லை. கையே அப்படி என்றால் வாய் எப்படி இருக்கும் என்று கரையிலேயே பிடித்து நிறுத்திவிட்டார்கள். அந்த மூன்று கூப்பாடும் பதினோரு வருஷமாக அவள் தொண்டையில் இருந்தது.

அடுத்த பிப்ரவரி அவள் வீடு வீடாகப் போனாள். பத்தொன்பதாம் தேதி மத்தியானம் அடுப்பை அணைத்து வையுங்கள், என் பிள்ளையைக் கூப்பிடப் போகிறேன் என்றாள். இதை மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை, ஞானஸ்நானத்துக்கு எல்லோரும்தானே நின்று பார்த்தார்கள். ஊரிலுள்ள அடைக்கலங்களை எண்ணிப் பார்த்தபோது, தொட்டில் பிள்ளை முதல் பல் போன கிழவர் வரைக்கும் முப்பத்தொரு பேர் தேறினார்கள். காது மந்தமான இரண்டு அடைக்கலங்கள், நாங்கள் எதற்கு என்று சண்டை போட்டார்கள். உபதேசியார் ஒருவரையும் விடாமல் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோய் அடைத்து, வாய்க்கு ஆளுக்கொரு துண்டு கருப்பட்டியும் கொடுத்து, கதவைச் சாத்தினார்.

கரையில் நின்று கூப்பிட்டால் ஆனைப்பாறை வரைக்கும் கேட்காது. பெண்ணைப் படகில் ஏற்றுகிற வழக்கம் ஊரில் இல்லை, அதிலும் இந்தப் பெண்ணை. இஞ்ஞாசியம்மாள் தண்ணீருக்குள் நடக்கத் தொடங்கினாள். மார்பளவு வந்தபோது பக்கத்தில் ஒரு சின்ன வள்ளம் வந்து நின்றது. உள்ளே கஸ்பார், நாற்காலி இல்லாமல்.

"ஏறுளா" என்றார். "அவன் விழுறத ஒரு தரம் கிட்ட நின்னு பாக்கணும். அதுக்குத்தான். வேற ஒண்ணும் நெனைச்சுக்கிடாத."

கடல் அன்று எண்ணெய் ஊற்றியது மாதிரிக் கிடந்தது. ஊரில் ஒரு கூரையிலும் புகை இல்லை. அவன் வடக்கேயிருந்து வந்தான், வலது சிறகு எரிய, வழக்கமான சாய்வோடு. இஞ்ஞாசியம்மாள் வள்ளத்தில் எழுந்து நின்றாள்.

"அடைக்கலம்!"

முதல் கூப்பாட்டுக்கு அவன் நேரே பார்த்தான். இரண்டாவது கூப்பாட்டுக்கு, ஆறு வருஷத்தில் இல்லாத வழக்கமாக, தலையைத் திருப்பினான். மூன்றாவது கூப்பாட்டுக்கு அவளைப் பார்த்தான். பள்ளிக்கூடத்துக்குள் முப்பத்தொரு அடைக்கலங்களும் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அவன் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்துவிட்டது, என்ன செய்ய வேண்டும் என்றுதான் தெரியவில்லை, இரண்டு கையும் அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தன. சிறகின் தீ கண்ணாடியை நக்கியது. இஞ்ஞாசியம்மாளுக்கு மூன்றும் முடிந்துவிட்டது, நாலாவது கூப்பாடு வழக்கத்தில் இல்லை. அவள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் துடுப்பு விழுகிற சத்தம் கேட்டது. கஸ்பார் எழுந்து நின்றிருந்தார். மூன்றரை வருஷம் தன் மேல் விழுந்த அந்தச் சொல்லை, நேர்த்திக்கடனை மீறி, அடிவயிற்றிலிருந்து எடுத்து, அவர்கள் கத்திய அதே கத்தலாக, அதே அதட்டலாகக் கத்தினார்.

"ரௌஸ்! ரௌஸ்! ரௌஸ்!"

பையன் அதிர்ந்தான். அவனைப் பழக்கியவர்களும் அப்படித்தான் அதட்டியிருப்பார்கள். கை தானாக மேலே போய் மூடியைத் தள்ளியது, வாரை அவிழ்த்தது. விமானம் தலைகீழாகப் புரண்டது, அவன் அதிலிருந்து உதிர்ந்தான், வெள்ளைக் குடை ஒன்று விரிந்தது. ஆளில்லாத விமானம் தன் வழக்கமான இடத்தில் விழுந்து, தன் வழக்கமான அளவுக்குத் தண்ணீரை எழுப்பி அடங்கியது.

அவன் வள்ளத்திலிருந்து முப்பது பாகம் தள்ளித் தண்ணீரில் இறங்கினான், குடைத் துணி மேலே கவிந்து மூடியது. கஸ்பார்தான் குதித்தார். கயிறுகளைக் கத்தியால் அறுத்து, அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்து, வள்ளத்துக்குள் தள்ளினார். பையன் இருமினான், உப்புத் தண்ணீரைக் கக்கினான், நல்ல கனமாக இருந்தான். இஞ்ஞாசியம்மாள் முந்தானைக்குள் வைத்திருந்த ஞானஸ்நான வெள்ளைத் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள். அவன் விறைத்துப்போய் அவளையே பார்த்தான். பிறகு அவள் தோளில் முகத்தை வைத்து, சின்னப்பிள்ளை மாதிரிச் சத்தமாக அழுதான். அவளும் அழுதாள். கஸ்பார் முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்புப் போட்டார்.

கரையில் ஊர் நின்றது. அடுப்பைப் பற்றவைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். உபதேசியார் பள்ளிக்கூடத்துக் கதவைத் திறந்துவிட்டு, முப்பத்திரண்டு என்று சொல்லிக்கொண்டார்.

மறுவருஷம் பிப்ரவரி ஆறாம் தேதி விமானம் வரவில்லை. எல்லோருக்கும் அது ஏன் என்று தெரியும், இருந்தாலும் உபதேசியார் வானத்தைப் பார்த்தபடி மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார், களத்தில் யாரும் தூக்கைத் திறக்கவில்லை. கடைசியில் இஞ்ஞாசியம்மாள் எழுந்து, "ஏளா, சாப்பிடுங்க, நேரமாச்சு" என்றாள். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும், விழுந்தவன்தானே என்று அன்றைக்குச் சொன்ன அதே பெண் தன் மகளின் நாற்பது நாள் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து நில்லு மைனி என்று, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

விமானக்காரன் அடைக்கலம் அந்த ஊரிலேயே தங்கிவிட்டான். கருவாட்டு வாடைக்கு மூன்று மாதம் வாந்தி எடுத்தான், நாலாம் மாதம் வாளைக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்றான். கோயில் கோபுரத்தில் ஏறச் சொன்னால் மட்டும் முகம் வெளுத்துவிடும், ஏறமாட்டான். ஊருக்கு இன்ஜின் படகு வந்தபோது அதைப் பிரித்து மாட்ட அவனைவிட்டால் ஆளில்லை. அதனால் கடலுக்குப் போக வேண்டியதாயிற்று. முதல்நாள் அவன் புறப்படும்போது இஞ்ஞாசியம்மாள் வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். ஆனால் கடலுக்குப் போகாமல் ஒரு பிள்ளையை அந்த ஊரில் எப்படி வளர்ப்பது? மறுநாள் வழிவிட்டாள்.

கஸ்பார் அவனோடு கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொள்வார். மாதாவிடம் நேர்ந்ததை மீறியதற்கு வருஷா வருஷம் மெழுகுதிரி வைத்தார், அதைப் பற்றிக் கேட்டவர்களை அடிக்கப் போனார். அடைக்கலமும் அவர் நிழலைக் கண்டால் விறைத்து நின்றுவிடுவான்.

இஞ்ஞாசியம்மாள் மட்டும் ஒன்றைக் கவனித்தாள். அடைக்கலம் கடலுக்குப் போன நாளெல்லாம் கஸ்பாரின் மடக்கு நாற்காலி ஈரமணலில் விரிந்து கிடந்தது. அவர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், வெயில் ஏறும், பெண்சாதி சாப்பிடக் கூப்பிடுவாள், எழுந்திருக்கமாட்டார். இஞ்ஞாசியம்மாள் கருப்பட்டிக் காப்பியைக் கொண்டுபோய் நாற்காலிக்குப் பக்கத்தில் மணலில் வைத்துவிட்டு, அவளும் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். ஆனைப்பாறையைச் சுற்றிக்கொண்டு இன்ஜின் சத்தம் வரும். கஸ்பார் கண்ணுக்குக் கையை வைத்து, படகில் இருக்கிற தலைகளை எண்ணுவார்.

"வந்துட்டான்" என்பார்.

பிறகு நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படகு கரை தட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுவார்.